மவுண்ட் செய்யும்போது செல்லாத எஸ்இலினக்ஸ் லேபிள்: கண்டுபிடிப்பதிலிருந்து சரிசெய்வது வரை

எஸ்இலினக்ஸ் என்பது எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று லினக்ஸில் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அமைப்பு. அதற்காக ஒவ்வொரு கோப்புக்கும் அது ஒரு லேபிள் வைத்திருக்கும். வேறொரு சர்வரிலிருந்து கழற்றிய டிஸ்க்கை இணைக்கிறீர்கள். டிஸ்க்கை ஓர் அடைவில் பொருத்தும் மவுண்ட் கட்டளையே பிழை காட்டி நின்றுவிடலாம். அல்லது மவுண்ட் ஆகிவிடும். ஆனால் அப்பாச்சியோ டேட்டாபேஸோ கோப்பைத் திறக்க முடியாமல் 'பெர்மிஷன் டினைடு' என்று திரும்பும். இரண்டுக்கும் காரணம் லேபிள்தான் என்றாலும் கோளாறு இருக்கும் இடம் வேறு, மருந்தும் வேறு. புதிதாக வருபவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் நேரே ரீலேபிளில் (லேபிள்களைப் புதிதாக எழுதுவதில்) இறங்குவதால்தான் பாதிச் சிக்கல்கள் உண்டாகின்றன. ரீலேபிள் டிஸ்க்கில் இருக்கும் பழைய லேபிளை அழித்துவிடும். அதனால் அது கடைசி வழி.

ஃபெடோரா, ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ், அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் ஆகியவற்றில் வழக்கமாக இருக்கும் 'டார்கெட்டட்' பாலிசியை (எஸ்இலினக்ஸின் விதித் தொகுப்பை) வைத்து இதை எழுதியிருக்கிறோம். கட்டளைகள் தமிழ் எழுத்தில் உள்ளன. டெர்மினலில் அவற்றின் வழக்கமான எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது முக்கியமான இடங்களில் சொல்லியிருக்கிறோம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரூட் அனுமதி வேண்டும். அதோடு மூன்று தொகுப்புகள்: செமானேஜ் கட்டளைக்கு 'பாலிசிகோர்யூட்டில்ஸ்-பைத்தான்-யூட்டில்ஸ்', செயின்ஃபோ கட்டளைக்கு 'செட்டூல்ஸ்-கன்சோல்', கெட்எஃப்ஆட்டர் கட்டளைக்கு 'ஆட்டர்'. குறைந்தபட்ச நிறுவலில் இவை பெரும்பாலும் இருக்காது. டிஸ்க் பழுதான நேரத்தில் நெட்வொர்க் இல்லாமல் தேடுவதைவிட முதலிலேயே போட்டுவைப்பது நல்லது.

அடுத்து, கெட்என்ஃபோர்ஸ், செஸ்டேட்டஸ் இரண்டையும் ஓட்டி, எந்த முறையில் இயங்குகிறது, ஏற்றப்பட்ட பாலிசியின் பெயர் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய சர்வரை இன்னும் தொட முடியுமானால் அங்கேயும் இதையே பாருங்கள். இரண்டு பாலிசிகளும் வேறானவை என்று தெரிந்துவிட்டால், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

டிஸ்க்கில் உள்ள டேட்டா முக்கியமானது என்றால், முதல் மவுண்ட் படிக்க மட்டுமான முறையில், அதாவது -ஓ ஆர்ஓ கொடுத்து, இருக்கட்டும். எதையும் எழுதாமல் கோளாறை அறிய இதுவே போதும்.

2. 'செல்லாத' லேபிள் என்றால் என்ன

எஸ்இலினக்ஸ் லேபிளில் நான்கு பகுதிகள் உண்டு: பயனர், ரோல், டைப், லெவல். எடுத்துக்காட்டு:

சிஸ்டம்_யூ:ஆப்ஜெக்ட்_ஆர்:எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி:எஸ்0

எக்ஸ்எஃப்எஸ், இஎக்ஸ்டி4 போன்றவற்றில் இது ஒவ்வொரு கோப்போடும் 'செக்யூரிட்டி.எஸ்இலினக்ஸ்' என்ற எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டாக, வெறும் எழுத்துச் சரமாக டிஸ்க்கில் பதிந்திருக்கும். அந்தச் சரத்துக்குப் பொருள் கொடுப்பது கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்) தற்போது ஏற்றப்பட்டிருக்கும் பாலிசி. நான்கில் ஏதாவது ஒரு பகுதி அந்தப் பாலிசியில் இல்லையென்றால் முழு லேபிளும் செல்லாது. டைப் சரியாக இருந்தாலும், லெவல் பகுதியே இல்லாத பாலிசியில் எழுதப்பட்ட மூன்று பகுதி லேபிள் இங்கே சிக்கலாகலாம்.

செல்லாத லேபிள் உள்ள கோப்பைக் கர்னல் 'அன்லேபிள்ட்_டி' என்று கருதி நடத்துகிறது. கட்டுப்படுத்தப்பட்ட சேவைகளுக்கு அந்த டைப்பைத் தொட அனுமதி கிடையாது. அதேசமயம் டிஸ்க்கில் இருக்கும் மூலச் சரத்தைக் கர்னல் மாற்றுவதில்லை. 6ஆம் படியின் மலிவான தீர்வு இதை நம்பித்தான் இருக்கிறது.

3. எந்த வகைக் கோளாறு என்று முதலில் பிரியுங்கள்

மவுண்ட் முயற்சி முடிந்த உடனே, கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசக் கட்டளையின் வெளியீட்டில் கடைசி இருபது வரிகளைப் பாருங்கள். அங்கே வரும் வரியை வைத்து வகை தெரியும்.

'செக்யூரிட்டி_கான்டெக்ஸ்ட்_எஸ்டிஆர்_டு_சிட்' தோற்றது, 'எர்நோ=-22' என்ற மாதிரி வந்தால், நீங்கள் மவுண்ட் விருப்பத்தில் கொடுத்த லேபிளே செல்லாது. டிஸ்க்கில் குற்றமில்லை. 4ஆம் படிக்குப் போங்கள்.

'ஐநோடு=இத்தனை, டெவ்=இன்னது, இன்வேலிட் கான்டெக்ஸ்ட்=இன்னது' என்றோ (ஐநோடு என்பது கோப்பின் உள் எண்), லேபிளோடு 'நாட் வேலிட் (லெஃப்ட் அன்மேப்டு)' என்றோ வந்தால், டிஸ்க்கில் பதிந்த லேபிள் இந்தப் பாலிசிக்குத் தெரியாதது. 5ஆம் படி.

டிமெசக்கில் ஒன்றுமே இல்லை, ஆனால் எல்எஸ் -இசட் (பெரிய இசட்) அன்லேபிள்ட்_டி காட்டுகிறது என்றால், பெரும்பாலும் லேபிளே எழுதப்படவில்லை. புதிதாக எம்கேஎஃப்எஸ் செய்த எந்த ஃபைல்சிஸ்டமும் இப்படித்தான் பிறக்கிறது. எஸ்இலினக்ஸ் அணைத்துவைத்த கணினியில் எழுதிய கோப்புகளும் இப்படியே. இது செல்லாத லேபிள் அல்ல, இல்லாத லேபிள். நேரே 8ஆம் படிக்குப் போகலாம்.

'சேம் சூப்பர்பிளாக், டிஃபரென்ட் செக்யூரிட்டி செட்டிங்ஸ்' என்று வந்தால், அதே ஃபைல்சிஸ்டம் ஏற்கெனவே வேறு லேபிள் விருப்பத்தோடு எங்கோ மவுண்ட் ஆகியிருக்கிறது. ஃபைண்ட்மவுண்ட் கட்டளையால் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதை அவிழ்த்துவிட்டு (அன்மவுண்ட் செய்துவிட்டு) மறுபடி செய்யுங்கள். ஒரே பிடிஆர்எஃப்எஸ் டிஸ்க்கின் இரண்டு சப்வால்யூம்களுக்குத் தனித்தனி லேபிள் கொடுக்கப் பார்ப்பவர்களும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

4. மவுண்ட் கட்டளையே தோற்றால்

இந்தப் படியில் உள்ள ஆபத்து, திரையில் வரும் பிழைச் செய்தி. லேபிளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல், 'தவறான ஃபைல்சிஸ்டம் வகை, தவறான விருப்பம், பழுதான சூப்பர்பிளாக்' (ஃபைல்சிஸ்டத்தின் தலைப்புப் பதிவு) என்று மூன்றையும் ஒன்றாகச் சொல்லும். புதியவர் கண்ணில் படுவது 'பழுதான சூப்பர்பிளாக்' மட்டும். உடனே எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் கட்டளையைப் பெரிய எல் விருப்பத்தோடு ஓட்டிவிடுகிறார். அது ஃபைல்சிஸ்டத்தின் பதிவேட்டைக் காலிசெய்துவிடும். நல்ல டிஸ்க்கில் இருந்த கடைசி மாற்றங்கள் போய்விடலாம். ஒரு எழுத்துப்பிழைக்காகக் கொடுக்க வேண்டிய விலை அல்ல அது.

சரியான வழி இது. லேபிள் விருப்பத்தை முழுவதும் நீக்கிவிட்டு, -ஓ ஆர்ஓ மட்டும் கொடுத்து மவுண்ட் செய்து பாருங்கள். ஆகிவிட்டால் டிஸ்க் நலம், கோளாறு நீங்கள் எழுதிய லேபிளில். அதில் உள்ள டைப் இந்தப் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள்:

செயின்ஃபோ -டி எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி

இருந்தால் அந்தப் பெயர் திரும்ப வரும். இல்லையென்றால் எழுத்துப்பிழை, அல்லது அந்த டைப்பைத் தரும் பாலிசி மாட்யூல் இங்கே ஏற்றப்படவில்லை.

டைப் சரியாக இருந்தும் தோற்கிறதா? லெவல் பகுதியில் காற்புள்ளி இருக்கிறதா பாருங்கள். எஸ்0:சி127,சி456 என்று எழுதினால், மவுண்ட் கட்டளை அந்தக் காற்புள்ளியை அடுத்த விருப்பத்தின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளும். லேபிளை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். ஷெல் அந்த மேற்கோளை உரித்துவிடும் என்பதால், மொத்த விருப்பத்தையும் வெளியே ஒற்றை மேற்கோளால் மறுபடி மூட வேண்டும்:

மவுண்ட் -ஓ 'கான்டெக்ஸ்ட்="சிஸ்டம்_யூ:ஆப்ஜெக்ட்_ஆர்:டிஎம்பி_டி:எஸ்0:சி127,சி456",நோஎக்ஸெக்' ...

செட்என்ஃபோர்ஸ் 0 கொடுத்துப் பார்ப்பது இங்கே உதவாது. பெர்மிசிவ் முறை அனுமதி மறுப்பைத்தான் தளர்த்தும். பாலிசியில் இல்லாத பெயரை இருப்பதாக அதனால் ஆக்க முடியாது. மவுண்ட் அப்போதும் தோற்கும்.

5. டிஸ்க்கில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்

எல்எஸ் -இசட் காட்டுவதை இங்கே நம்ப வேண்டாம். செல்லாத லேபிளை மூல வடிவில் பார்க்க, எஸ்இலினக்ஸ் பாலிசி 'மேக்_அட்மின்' என்ற தனி உரிமை கேட்கிறது. சாதாரண ரூட் அமர்வுக்கு அது பொதுவாக இல்லை. அதனால் உங்களுக்குக் கிடைப்பது கர்னலின் மாற்று விடையான அன்லேபிள்ட்_டி. கெட்எஃப்ஆட்டரும் அதே வாசல் வழியாகத்தான் போகிறது, அதே பதிலைத்தான் தரும்.

மூலச் சரம் கிடைக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, 3ஆம் படியில் பார்த்த டிமெசக் வரி. அதிலேயே முழு லேபிளும், ஐநோடு வரி என்றால் ஐநோடு எண்ணும் இருக்கும். அந்தச் செய்தி எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு வருவதால் எல்லாக் கோப்புகளுக்கும் வராது. ஓரிரண்டு கிடைத்தாலே போதும்.

இரண்டாவது, இஎக்ஸ்டி4 என்றால் டீபக்எஃப்எஸ். இது கர்னலின் ஃபைல்சிஸ்டம் வழியைத் தவிர்த்து டிஸ்க்கை நேரே படிக்கிறது. சின்ன டபிள்யூ விருப்பம் கொடுக்காதவரை எதையும் எழுதாது. டிமெசக்கில் கண்ட ஐநோடு எண்ணைக் கோண அடைப்புக்குள் வைத்து 'இஏ_லிஸ்ட்' கேளுங்கள், செக்யூரிட்டி.எஸ்இலினக்ஸ் வரி அப்படியே தெரியும்.

மூன்றாவது, எஸ்இலினக்ஸ் முற்றிலும் அணைக்கப்பட்ட மீட்புச் சூழலில் பூட் செய்து, படிக்க மட்டுமான முறையில் மவுண்ட் செய்து, கெட்எஃப்ஆட்டர் ஓட்டுவது. அங்கே இடையில் நிற்கும் ஆள் இல்லை. ஆனால் அந்தச் சூழலில் எதையும் எழுதாதீர்கள். எழுதும் கோப்புகள் லேபிளே இல்லாமல் பிறக்கும்.

கிடைத்த லேபிளைத் தனியே குறித்துவையுங்கள். அடுத்த படியில் எடுக்க வேண்டிய முடிவு இந்த ஒரு வரியைப் பொறுத்தது.

6. பாலிசியைத் திரும்பக் கொண்டுவந்தால் தீருமா?

குறித்துவைத்த லேபிளில் உள்ள டைப்பைச் செயின்ஃபோவிடம் கேளுங்கள். இல்லை என்று வந்தால், அதை யார் தந்திருப்பார்கள் என்று யோசியுங்கள். பெரும்பாலும் நடப்பது இவற்றில் ஒன்று: கன்டெய்னருக்கான பாலிசித் தொகுப்பு இந்தக் கணினியில் இல்லை, உங்கள் நிறுவனத்தின் சொந்த மாட்யூலை யாரோ செமாட்யூல் -ஆர் கொடுத்து நீக்கிவிட்டார்கள், புதிய பதிப்பில் எழுதிய டிஸ்க்கைப் பழைய பதிப்பில் மாட்டியிருக்கிறீர்கள்.

செமாட்யூல் -எல்ஃபுல் எல்லா மாட்யூல்களையும், செயலிழக்கச் செய்தவை உட்பட, காட்டும். செயலிழந்து கிடந்தால் செமாட்யூல் -இ. நீக்கப்பட்டிருந்தால் தொகுப்பை மறுபடி நிறுவுங்கள்.

இதன் பெரிய நன்மை, டிஸ்க்கில் ஒரு பைட்டைக்கூட மாற்ற வேண்டியதில்லை. 2.6.27 கர்னலிலிருந்து, செல்லாத லேபிளின் சரத்தைக் கர்னல் நினைவில் வைத்திருக்கிறது. பிறகு ஏற்றும் பாலிசியில் அந்தப் பெயர் இருந்தால் லேபிள் தானாகச் செல்லுபடியாகிவிடும். லட்சக்கணக்கான கோப்புகள் உள்ள டிஸ்க் ஒரே கட்டளையில் சரியாகும். மாட்யூலை நீக்கும்போது இதன் எதிர்த்திசை நடக்கும்: பாலிசி ஏற்றும் நேரத்தில் டிமெசக்கில் 'பிகேம் இன்வேலிட் (அன்மேப்டு)' என்ற வரிகள் வரிசையாக வரும். அதைக் கண்டால், நீக்கிய மாட்யூலின் லேபிள் இன்னும் எங்கோ பயன்பாட்டில் இருக்கிறது என்று பொருள்.

பழைய பதிப்பில் புதிய டிஸ்க் என்றால் இந்த வழி கிடையாது. பதிப்பு மாறிய பாலிசித் தொகுப்பை வலிந்து நிறுவ முயலாதீர்கள். அடுத்த படிக்குப் போங்கள்.

7. டிஸ்க்கைத் தொடாமல் மேலே ஒரு லேபிள் போடுவது

டிஸ்க் திரும்பிப் போக வேண்டியது, ஆதாரமாக வைத்திருக்க வேண்டியது, படிக்க மட்டுமே முடிவது என்றால் இதுதான் வழி. விஎஃப்ஏடி மாதிரி, லேபிளைப் பதிந்துவைக்கவே இடமில்லாத வகைகளுக்கும் இதுவே.

மவுண்ட் -ஓ ஆர்ஓ,கான்டெக்ஸ்ட்="சிஸ்டம்_யூ:ஆப்ஜெக்ட்_ஆர்:எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி:எஸ்0" /டெவ்/எஸ்டிபி1 /டேட்டா

கான்டெக்ஸ்ட் கொடுத்தால், உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் அந்த ஒரே லேபிள். டிஸ்க்கில் இருப்பதைக் கர்னல் பார்க்கவே பார்க்காது. மவுண்ட் விருப்பப் பட்டியலில் 'செக்லேபிள்' என்ற சொல் காணாமல் போயிருக்கும், அதுவே அடையாளம்.

இதனால் வரும் மூன்று விளைவுகளை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

தனிக் கோப்புகளின் லேபிளை மாற்ற முடியாது. சிஹெச்கான் 'ஆபரேஷன் நாட் சப்போர்டட்' என்று திரும்பும். கன்டெய்னர்களை இயக்கும் பாட்மேனில் வால்யூமுக்கு இசட் விருப்பம் கொடுத்தாலும் அதே பிழை வரலாம். கன்டெய்னருக்கான டிஸ்க் என்றால் மவுண்டிலேயே கன்டெய்னர்_ஃபைல்_டி கொடுத்துவிட்டு, இசட்டை விட்டுவிடுங்கள்.

எழுதும் முறையில் மவுண்ட் செய்து புதிய கோப்பு உருவாக்கினால், அதற்கு லேபிள் டிஸ்க்கில் பதியாது. சில மாதம் கழித்து யாராவது கான்டெக்ஸ்ட் இல்லாமல் மவுண்ட் செய்யும்போது, பழைய கோப்புகள் ஒரு லேபிளோடும் இடையில் வந்தவை அன்லேபிள்ட்_டி ஆகவும் நிற்கும். இந்தக் கலவைதான் கண்டுபிடிக்க மிகவும் எரிச்சலூட்டுவது.

ரீமவுண்ட் செய்து லேபிளை மாற்ற முடியாது, கர்னல் மறுத்துவிடும். முழுதாக அவிழ்த்துவிட்டு மறுபடி மவுண்ட் செய்ய வேண்டும். 'பிஸி' என்று வந்தால், ஃபியூசர் -விஎம் /டேட்டா யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று சொல்லும்.

எஃப்எஸ்கான்டெக்ஸ்ட், டெஃப்கான்டெக்ஸ்ட், ரூட்கான்டெக்ஸ்ட் என்று இன்னும் மூன்று உண்டு. முதலாவது ஃபைல்சிஸ்டத்துக்கு மொத்தமாக ஒரு லேபிள் தரும், கோப்புகளின் லேபிளைத் தொடாது. இரண்டாவது லேபிள் இல்லாத கோப்புகளுக்கு மட்டுமானது. மூன்றாவது வேர் அடைவுக்கு மட்டும். கான்டெக்ஸ்ட்டை இரண்டாவதோடு சேர்த்துக் கொடுக்க முடியாது. செல்லாத லேபிள் பிரச்சினைக்கு இவை அரிதாகவே தேவைப்படும்.

8. நிரந்தரமாக ரீலேபிள் செய்வது

டிஸ்க் இனி இந்தக் கணினியிலேயே இருக்கப்போகிறது என்றால் மட்டும் இங்கே வாருங்கள். வரிசை முக்கியம்: முதலில் சரியான இடத்தில் மவுண்ட், பிறகு விதி, பிறகு ரீஸ்டோர்கான்.

ஏன் இந்த வரிசை? ரீஸ்டோர்கான் லேபிளை முடிவுசெய்வது கோப்பின் பாதையை வைத்து. /எம்என்டி/டிஸ்க் என்ற இடத்தில் தற்காலிகமாக மவுண்ட் செய்து ரீஸ்டோர்கான் ஓட்டினால், அது அமைதியாக முடிந்துவிடும். உள்ளே இருக்கும் ஒரு கோப்பும் மாறியிருக்காது. பாலிசியில் /எம்என்டி-க்குக் கீழே உள்ள அடைவுகளின் உள்ளடக்கத்துக்கு 'நன்' என்று எழுதியிருக்கிறது, அதாவது தொடாதே. பிழைச் செய்தியும் வராது என்பதால், ஓட்டியாயிற்று, சரியாகிவிட்டது என்று நினைத்து ஏமாறுகிறார்கள்.

அதேபோல், /டேட்டா மாதிரி நீங்களே வைத்த பாதைக்கு விதி எழுதாமல் ஓட்டினால் எல்லாம் டிஃபால்ட்_டி ஆகும். லேபிள் செல்லும், ஆனால் சேவைக்கு இன்னும் அனுமதி இருக்காது.

விதி எழுதுங்கள்:

செமானேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -ஏ -டி எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி "/டேட்டா(/.*)?"

மேற்கோளை விட்டால், அடைப்பைப் பார்த்து ஷெல் குழம்பும். விதி பிடித்ததா என்று மேட்ச்பாத்கான் /டேட்டா/இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் கேட்டுப் பாருங்கள். பிறகு எதையும் மாற்றாத ஒத்திகை:

ரீஸ்டோர்கான் -ஆர்என்வி /டேட்டா

இதில் ஆர் பெரிய எழுத்து, என், வி சின்னவை. எதிலிருந்து எதற்கு மாறும் என்ற பட்டியல் வரும். முதல் முப்பது வரிகளையாவது படியுங்கள். திருப்தி என்றால் 'என்' எழுத்தை எடுத்துவிட்டு, பெரிய எஃப் சேர்த்து ஓட்டுங்கள். எஃப் இல்லாவிட்டால் டைப் மட்டுமே மாறும். பயனர், லெவல் பகுதிகள் பழையபடி இருக்கும். ஒரே எச்சரிக்கை: கன்டெய்னர்களும் மெய்நிகர் கணினிகளும் தங்கள் கோப்புகளுக்குப் போட்ட தனி வகை எண்களையும் எஃப் அழித்துவிடும். அவை இருக்கும் அடைவில் எஃப் வேண்டாம்.

கோப்புகள் மிக அதிகம் என்றால், பாலிசிகோர்யூட்டில்ஸ் 3.4 முதல் பெரிய டி விருப்பத்தோடு 0 கொடுத்தால் எல்லா சிபியு கோர்களையும் பயன்படுத்தும்.

சிஹெச்கான் -ஆர் (பெரிய ஆர்) போட்டு வேலையை முடிப்பவர்கள் உண்டு. அடுத்த முறை யாராவது ரீஸ்டோர்கான் ஓட்டும்போது அது மறைந்துவிடும். சோதித்துப் பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

9. இன்னொரு கணினியின் ரூட் டிஸ்க் என்றால்

பூட் ஆகாத சர்வரின் டிஸ்க்கை இங்கே மாட்டி, ஒரு கோப்பைத் திருத்திவிட்டுத் திருப்பிக் கொடுப்பது வழக்கமான வேலை. அதை இந்தக் கணினியின் விதிகளைக் கொண்டு ரீலேபிள் செய்யவே கூடாது. அந்த டிஸ்க்குக்கு அதன் சொந்தப் பாலிசி இருக்கிறது. அங்கே செல்லும் லேபிள்கள் சில இங்கே செல்லாது, எழுதவும் விடாது. 'இன்வேலிட் ஆர்க்யுமென்ட்' என்று பாதியில் நின்ற டிஸ்க் இரண்டு இடத்துக்கும் உதவாது.

திருத்தத்தை முடித்துவிட்டு, அந்த டிஸ்க்கின் வேரில் '.ஆட்டோரீலேபிள்' என்ற காலிக் கோப்பை உருவாக்கிவிட்டு அவிழ்த்துவிடுங்கள். அது தன் கணினியில் பூட் ஆகும்போது தன் பாலிசியைக் கொண்டு தானே ரீலேபிள் செய்துகொள்ளும். முதல் பூட்டில் கர்னல் வரியில் என்ஃபோர்சிங்=0 சேர்ப்பது பாதுகாப்பு; இல்லாவிட்டால் ரீலேபிள் தொடங்கும் முன்பே ஏதாவது சேவை தடுக்கப்பட்டு பூட் நின்றுவிடலாம்.

டாரிலோ ஆர்சிங்கிலோ எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டுகளோடு நகலெடுக்கும்போது வரும் 'செக்யூரிட்டி.எஸ்இலினக்ஸ், இன்வேலிட் ஆர்க்யுமென்ட்' பிழைக்கும் இதுவே காரணம். லேபிளை விட்டுவிட்டுக் கோப்பை மட்டும் நகலெடுங்கள், சேரும் இடத்தில் ரீஸ்டோர்கான் ஓட்டுங்கள்.

10. என்எஃப்எஸ்

என்எஃப்எஸ் என்பது இன்னொரு சர்வரின் அடைவை நெட்வொர்க் வழியாக மவுண்ட் செய்யும் முறை. வழக்கமான என்எஃப்எஸ் மவுண்டில் எல்லாம் என்எஃப்எஸ்_டி. அப்பாச்சி படிக்க வேண்டும் என்றால் கான்டெக்ஸ்ட்டை விட, எச்டிடிபிடி_யூஸ்_என்எஃப்எஸ் என்ற பூலியனை (பாலிசியில் உள்ள ஆன்/ஆஃப் அமைப்பை)ச் செட்செபூல் -பி (பெரிய பி) கொண்டு இயக்குவது எளிது.

ஒரே சர்வரின் இரண்டு ஏற்றுமதிகளைத் தனித்தனி கான்டெக்ஸ்ட்டோடு மவுண்ட் செய்தால், இரண்டாவது தோற்கலாம். சர்வரில் அவை ஒரே ஃபைல்சிஸ்டம் என்றால், கிளையண்ட் ஒரே சூப்பர்பிளாக்கைப் பகிர்ந்துகொள்கிறது. இரண்டிலும் 'நோஷேர்கேஷ்' சேருங்கள்.

என்எஃப்எஸ் 4.2-இல் 'செக்யூரிட்டி_லேபிள்' கொடுத்து ஏற்றுமதி செய்தால், லேபிள் சரமாகவே வயர் வழியாக வரும். இரண்டு பக்கமும் பாலிசி ஒத்துப்போகாவிட்டால் 2ஆம் படியில் சொன்ன கதைதான், கிளையண்டில் அன்லேபிள்ட்_டி. பதிப்பு கலந்த சர்வர் கூட்டத்தில் இந்த வசதியை இயக்காமல் விடுவதே நல்லது.

11. எஃப்எஸ்டேபில் எழுதுவது, பிறகு சரிபார்ப்பது

பூட் ஆகும்போது மவுண்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியல்தான் எஃப்எஸ்டேப். கையால் ஒருமுறை மவுண்ட் ஆனது தெரிந்த பிறகே அதைத் தொடுங்கள். சாதனப் பெயருக்குப் பதில் யூயூஐடி, விருப்பங்களில் 'நோஃபெயில்'. லேபிளில் ஒரு எழுத்து தவறினாலும், நோஃபெயில் இல்லாத வரி அடுத்த பூட்டில் உங்களை எமர்ஜென்சி முறையில் நிறுத்தும். தொலைவில் இருக்கும் சர்வர் என்றால் கன்சோலுக்கு ஆள் தேட வேண்டியதுதான்.

எழுதியதும் ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை, சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு, டிஸ்க்கை அவிழ்த்து, மவுண்ட் -ஏ. இந்த வரிசையில் செய்தால், ரீபூட் செய்யாமலே வரியைச் சோதித்துவிடலாம். ஃபைண்ட்மவுண்ட் லேபிளின் பெயரைச் சோதிப்பதில்லை, வரியின் அமைப்பைத்தான் பார்க்கும். லேபிளுக்கு உண்மையான சோதனை மவுண்ட் -ஏ.

பிறகு எஞ்சியவை இருக்கின்றனவா என்று பாருங்கள்:

ஃபைண்ட் /டேட்டா -கான்டெக்ஸ்ட் '*அன்லேபிள்ட்_டி*'

ஒன்றும் வரக்கூடாது. வந்தால், விதியில் அடங்காத பாதை எது என்று அந்தப் பட்டியலே காட்டும். கடைசியாகச் சேவையை மறுபடி தொடங்கி, அது திறக்க வேண்டிய ஒரு கோப்பைத் திறக்கச் செய்து, அண்மைய எஸ்இலினக்ஸ் மறுப்புகளைக் காட்டும் ஏயூசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசென்ட் ஓட்டுங்கள். அன்லேபிள்ட்_டி இல்லாமல் வேறு டைப்பின் பெயரில் மறுப்பு வந்தால், லேபிள் இப்போது செல்லுகிறது. தேர்ந்தெடுத்த டைப் அந்தச் சேவைக்குப் பொருந்தவில்லை. 8ஆம் படியின் விதியில் -ஏ இருந்த இடத்தில் -எம் கொடுத்து டைப்பை மாற்றி, ரீஸ்டோர்கானை மறுபடி ஓட்டுங்கள்.